கார்த்திகை முப்பத்தொன்று

வைடன்ப்ருக் நகரசபை ஆண்டுதோறும்
ஒரு நாட்காட்டி போடும். இலவசம்.
ஒவ்வொரு கட்டத்திலும் பொடி எழுத்தில்
இந்த நாளில் இந்த ஊரில் என்ன நடந்தது என்று.
தேடித் தருவது ஆவணக்காப்பகத்து ரேஜூலா ஹெஃப்டி.
மடித்துத் தைப்பது நான்,
இரவு பத்திலிருந்து விடிய ஆறுவரை.

தை ஒன்பது:
ஆறு உறைந்தது. நடு ஆற்றில்
மேசை போட்டு உட்கார்ந்தான் சுங்கக்காரன் ஸ்டெம்ஃப்லி.
பாலத்தில் போனால்தானே வரி என்று
இறங்கி நடந்தவர்களிடம்
பனிக்கட்டிக்கும் வரி கேட்டான்.
மூன்றாம் நாள் வெயில் எறித்தது.
மேசை மட்டும் கீழூரில் கரையேறியது.

மாசியில் தீ.
பழி, ரொட்டிச் சூளைக்காரியின் தலையில்.
முடியை வெட்டி மேற்கு வாசலால் துரத்தினார்கள்.
முந்நூற்றுப் பத்து வருஷம் கழித்து
நகரசபை மன்னிப்புக் கேட்டது:
ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு நாலு.
அந்த நாலு பேரைப் பற்றித்தான்
இயந்திரம் சூடாகும்வரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

பங்குனி இருபத்திரண்டு, அடேல் பெர்னூ பிறந்த நாள்.
மணிக்கூட்டு முகங்களில் எண் எழுதினவள்.
இருட்டில் ஒளிரும் மை.
தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி
கூராக்கி
நாளுக்கு இருநூறு முகம்.
இறந்த நாளை நாட்காட்டி சொல்லவில்லை.

சித்திரையில் ஒன்றும் நடக்கவில்லை.
வாத்துப் படம் போட்டிருக்கிறார்கள்.
வைகாசியை விடுங்கள், முழுக்க மேயர்கள்.

ஆனியில் ஹெட்விக் ரைசர்.
பெண்களுக்கு வாக்கில்லாத காலத்தில்
வாக்கெடுப்பு நாளெல்லாம் சாவடி வாசலில்
குடையோடு வந்து நிற்பாளாம்,
முப்பத்திரண்டு வருஷம்,
வாயே திறக்காமல்.
உள்ளே விட்ட அன்று
குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வாக்குப் பெட்டியின் மேல் வைத்தாளாம்.
எண்ணி முடிக்கும்வரை
பெட்டி நனைந்தபடி இருந்தது.

புரட்டாசியில் பழைய பாலம் இடிந்தது.
ஆற்றோடு போனது பன்னிரண்டு பசுக்களும்
ஒரு நோட்டரியும்.
பசுக்களின் பெயர்கள் பதிவில் இருக்கின்றன:
ப்ளூம், ஷெக், ஃப்ளோரா, இரண்டு லீசி.
நோட்டரியின் பெயர் கிடைக்கவில்லை
என்று ஓர் அடிக்குறிப்பு.

இந்த வருஷத்து நாட்காட்டியை அச்சிட்டபோது
கார்த்திகைத் தாளில்
முப்பதுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வந்துவிட்டது.
முப்பத்தொன்று. உள்ளே ஒரு எழுத்துமில்லை.
நானூறு பிரதி தைத்த பிறகுதான் கண்ணில் பட்டது.
எங்கள் பஞ்சாங்கத்தில்
முப்பத்திரண்டு நாள் மாதமும் உண்டு என்றேன்.
ரேஜூலா சிரிக்கவில்லை.
எல்லாவற்றையும் அரைக்கப் போட்டோம்,
ஒன்றைத் தவிர.

அது என் குசினியில் தொங்குகிறது.

எனக்கும் பிறந்த நாள் தை ஒன்று, காகிதத்தில்.
முகாமில் அதிகாரி தேதி கேட்டார்.
பத்திரம் எரிந்துபோனது, சரியாகத் தெரியாது என்றேன்.
பேனையைத் தூக்காமல் எழுதினார்.
அன்று அந்த அறையில்
ஏழு பேர் ஒரே நாளில் பிறந்தோம்.
ஒருவருக்கு நரைத்த மீசை.

அந்தக் கட்டத்தில் நான் எதையும் எழுதவில்லை.
மகள்தான் ஒருநாள் அவசரத்தில்
'பால்' என்று கிறுக்கிவிட்டாள்.
பரவாயில்லை,
மேற்கு வாசலால் போனவளுக்கும்
பசித்திருக்கும்.

நேற்றோடு முப்பது முடிந்தது.
வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன்.
தாளைத் திருப்புங்கோ, மார்கழி பிறந்திட்டுது
என்கிறாள் மனைவி.

கொஞ்சம் பொறு.
நோட்டரி இப்போதுதான்
பாலத்தில் பாதித் தூரம் வந்திருக்கிறார்.