கூடுதல் நாற்காலி

புதுவயல் மில் களத்தில்
அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருக்கும்போதுதான்
பெரும்பாலும் வரும்.
முதலில் முழங்கால். அப்புறம் முதுகு.
அப்புறம் எது எதுவென்று பிரிக்க முடியாது.

ரத்தத்தில் அரிவாள் என்று
ஆறு வயதில், கூடலூரில், பேனாவால் வரைந்து காட்டினார்கள்.
இப்போது அறுவடைக்கு மிஷின்.
இங்கே வந்திறங்கும் மூட்டை எதுவும்
அரிவாளைப் பார்த்ததில்லை.
நான்தான் வைத்திருக்கிறேன்.

காரைக்குடியில் இரண்டாம் வியாழன்
ரத்த டாக்டர் வருவார். நல்லவர்.
எண்ணைப் பார்ப்பார்,
மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார்.
"தலை சுத்துது சார்."
"அதுக்குப் பொது ஓ.பி.யில காட்டும்மா."
பொது ஓ.பி.யில்
நோட்டின் முதல் பக்கத்தைப் படித்ததும்
பேனாவை மூடிவிடுவார்கள்:
"இது ரத்த டாக்டர் கேஸ்."

இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு வேப்பமரம்.
பதினொரு வருஷத்தில்
அதன் நிழலுக்குத்தான் என் உடம்பு முழுசாகத் தெரியும்.

இந்த மாசியில்
ரத்த டாக்டர் மேசையருகே இன்னொரு நாற்காலி.
டாக்டர் தேனம்மை, பள்ளத்தூர்க்காரர்.
"கெம்பி, அந்த வலியை விடுங்க. வேற சொல்லுங்க."
எனக்கு வேற ஒன்றும் வாயில் வரவில்லை.
முப்பத்தேழு வயதுவரை
என்னிடம் வேற யாரும் கேட்டதில்லை.

பிறகு, கடைவாய்ப் பல் என்றேன்.
காதுவரை இழுக்கிற அதையும்
நோயின் கணக்கிலேயே எழுதிவிட்டு
சுருண்டு கிடந்த ராத்திரிகளைச் சொன்னேன்.
டார்ச் அடித்துப் பார்த்தார்.
"இது வெறும் சொத்தைப் பல்லுங்க."

வெறும்!
அந்தச் சொல்லை இதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை.
சிரித்துவிட்டேன், வாயைத் திறந்தபடியே.

பிரஷர் ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம்.
ரத்த டாக்டர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.
இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்:
சிறுநீரகம், மாத்திரை, கண்ணைப் பார்க்க ஒரு நாள்.
பிள்ளை வேண்டுமா என்பதை மட்டும்
என் பக்கம் திரும்பிக் கேட்டார்கள்.
யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.
ஒரே பக்கத்தில் இரண்டு கையெழுத்து.
ஒன்று மட்டும்தான் எனக்குப் படிக்க வந்தது.

குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.
பல் போயிற்று, அரிவாள் இருக்கிறது.
பங்குனி வெயிலில் களத்திலேயே மறுபடி விழுந்தேன்.
ஆஸ்பத்திரி வளைவில் ஆட்டோக்காரர் கேட்டார்:
எந்த வாசலில் நிறுத்த?

எதில் நிறுத்தினாலும் சரி என்றேன்.