ஐந்தாவது குழி

கேரம் பலகைக்கு நாலு குழி.
கொருக்குப்பேட்டை கேட் பக்கம்
எங்கள் கிளப்பில் கிடக்கும் பலகைக்கு மட்டும்
ஐந்து.

சிவப்பு வைக்கும் வட்டத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி,
சாய்வாக.
போரிக் பவுடர் தூவினால்
அதன் வழியாகவும் கொஞ்சம் தரைக்கு இறங்குகிறது.

சுட்டவனுக்கு நாங்கள் குறி இல்லை.
டீக்கடை வாசலில் நின்ற வேறு யாரோ.
அவனும் செருப்பை விட்டுவிட்டு ஓடிவிட்டான்.
ஜெனோவா அப்போதுதான் சிவப்பைப் போட்டுவிட்டு
ஃபாலோவுக்குக் குனிந்திருந்தாள்,
ஸ்ட்ரைக்கர் மேல் விரல்.

ஆட்டோ கேட்டில் நின்றது.
கூட்ஸ் வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணினேன்.
ஸ்டான்லியில் ஆள்காட்டி விரல் போயிற்று,
கட்டை விரலில் பாதி.
"கத்தின்னா வர்றது தெரியும்ணா,
ஓடியிருப்பேன்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சொன்னார்:
கள்ளத் துப்பாக்கி, இந்த ஊர்ச் சரக்கில்லை,
ரயிலில் வந்திருக்கு, போர்வை மூட்டையில்,
நாலு மாநிலம் தாண்டி.

நாலு மாநிலத்திலும்
உன் பேர் என்ன என்று அதை யாரும் கேட்கவில்லை.

ஜெனோவாவைப் போட்டிக்கு அனுப்ப
மூன்று படிவம் நிரப்பியவன் நான்.
ஆதாரில் 'ஜெனோவ' என்றிருந்தது.
கடைசிக் கால் விட்டுப்போனதால் திருப்பி அனுப்பினார்கள்.
அந்த ஒரு காலுக்காக
என் இரண்டு காலும் தேய நடந்தேன்.

சட்டம் இருக்கே என்கிறார்கள்.
இருக்கு.
ஒரு பக்கத்துக் கம்பம் மட்டும் இறங்கினால்
அதற்குப் பேர் கேட்டா, சார்?
குழாய் கடையும் லேத்தில், தோட்டா விற்ற கணக்கில்,
மூட்டை ஏறும் ஸ்டேஷனில்
நாடு முழுக்க ஒரே நேரத்தில் இறங்கட்டும்.
லைசென்ஸ் உள்ளவனையும் வருஷா வருஷம் கேளுங்கள்:
எதுக்குய்யா இன்னும் வச்சிருக்கே?
எங்களை நிறுத்துகிற மாதிரி
அதையும் நிறுத்துங்கள்.

பசங்க சொல்கிறார்கள்,
"சிவப்பு விழுந்தா ஃபாலோ போடணும்ணா,
ஆள் யாருன்னு தெரியும்."
உட்காருடா டேய்.
ஃபாலோ போடத்தான் போகிறோம்.
இந்த மனுவில் எல்லாரும் கையெழுத்து,
ஜெனோவா இடது கையால் போட்டிருக்கிறாள்,
கால் விடாமல்.

எம்-சீல் வைத்துக் குழியை அடைக்கலாம் என்றான் தவசி.
வேண்டாம்.
ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்
ஒரு போர்டு ஆடிவிட்டுப் போகட்டும்.
கறுப்போ வெள்ளையோ
அந்த விளிம்பில் தட்டித் திசை மாறும்.
மாறட்டும்.
ஏன் என்று
அவர்களே கேட்கட்டும்.