மூன்றாவது பெட்டி

தார்த்துவில் டிசம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ஆனாலும் ஹெல்துர் திரைச்சீலையை இழுத்து மூடினான்.
மூன்று பெட்டிகள், ஒரே டிவி.
எது எதுவென்று அவனுக்குத் தெரியாதபடி
கேபிளை மாற்றிச் செருகுவது என் வேலை.

வட்டு ஒன்றுதான்:
இருபத்தாறு வருஷத்துக்கு முன் அவன் ஓடிய
பனிச்சறுக்குப் பந்தயம். ஐந்நூற்று எழுபத்தாறு வரிகள்.
இல்லாத வரிகளைப் பெட்டிதான் இட்டு நிரப்ப வேண்டும்.

முதலாவதில் வேலிக் கம்பி படிக்கட்டாய் இறங்கியது.
'பல்' என்று நோட்டில் எழுதினான்.
சறுக்குக் கட்டையைச் சுற்றி
புனிதர் தலைக்குப் பின்னால் போல ஒரு வெள்ளை வளையம்.
அதற்கும் ஒரு மதிப்பெண் போயிற்று.

இரண்டாவதில் எழுந்தே நின்றுவிட்டான்.
கம்பி கம்பியாகவே இருந்தது.
"மால்லே, என் தொப்பியைப் பார், இழை தெரிகிறது!"

தெரிந்தது.
அந்தத் தொப்பியைப் பின்னியவள் நான்.
அதில் அப்படியொரு பின்னல் கிடையாது.

ஒன்பது போட்டான்.
"அன்றைக்குப் பனி பெய்ததே" என்றேன்.
நிறுத்தினான்.
துடைத்து வைத்த தட்டு மாதிரி வானம்.
இமையெல்லாம் உறைந்து வந்து சேர்ந்தவன் அவன்;
பெட்டி அதை இரைச்சல் என்று நினைத்துக்
கழுவிவிட்டிருக்கிறது.

மூன்றாவது மங்கல். வேலியில் மறுபடி பல்.
ஆனால் பொழிகிறது,
பனியோ பழைய நாடாவின் புள்ளியோ,
எங்கள் இருவருக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.
"இன்னொரு தரம் போடு."

எந்தப் பெட்டி என்று கேட்டேன்.