நாற்பத்திரண்டாவது தலை

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது.
காந்தக் குழாய்க்குள் படுத்திருக்கிறார் ஹெல்துர்,
காதில் பஞ்சு, முகத்துக்கு மேல் கூண்டு,
கையில் அவசர மணி.
"தலையை மட்டும் அசைக்காதீர்கள்" என்கிறேன் மைக்கில்.
நடுக்குவாதம் என்று சீட்டெழுதி
அனுப்பப்பட்ட ஒருவரிடம்
இதைச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நரம்பு எதையும் நாங்கள் பார்ப்பதில்லை,
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
மூளைக்குள் ஊறிக் கிடக்கிற தண்ணீர்
எந்தப் பக்கம் நகரத் தோதுப்படுகிறது என்று பார்த்து
இங்கே ஒரு பாதை இருக்கக்கூடும் என்கிறோம்.
இடம் வலம் போனால் சிவப்பு,
முன் பின் பச்சை,
மேல் கீழ் நீலம்.
பார்க்க அழகாயிருக்கும். அட்டையில் போடுவார்கள்.
ஈரத்தைத் தொட்டுப் பார்த்து
ஆறு வரைகிற வேலை.

அவர் பார்த்ததும் ஏறக்குறைய அதே உத்தியோகம்.
முப்பத்தோரு குளிர்காலம்
ரோகுகுலாவிலிருந்து ஹீயுமா தீவு வரைக்கும்
உறைந்த கடலைத் துளைத்து
கோல் விட்டு அளந்தவர்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தால் சாலை.
இல்லையென்றால் கடல்.
ஓரத்தில் ஜூனிப்பர் கிளைகளை நட்டுக்கொண்டே போவாராம்,
மூடுபனியில் வண்டிகள் தடம் மாறாதிருக்க.
அந்தச் சாலையில் சீட் பெல்ட் போடக் கூடாது
(உடைந்தால் வெளியே வர வேண்டுமே).
நடுவழியில் நிற்கவே கூடாது.

"இப்போதெல்லாம் கடல் உறைவதில்லை" என்றார்,
ஒப்புதல் படிவத்தில் அவர் பெயர்
எழுத்துக்கு எழுத்து சிறுத்து
எறும்பாகிக்கொண்டிருந்தபோது.
"அதற்கும் சேர்த்து நான் உறைகிறேன்."

கதவு நிலையில். குளியலறை வாசலில்.
பால் வாங்கப் போன கடையில், பணம் கட்டும் இடத்தில்
கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.
பின்னால் வரிசை, யாரோ உச்சுக்கொட்டுவார்கள்.
காலில் பலம் இருக்கிறது.
போக வேண்டும் என்ற நினைப்பும் இருக்கிறது.
இரண்டு கரைக்கும் நடுவே
அன்றைக்குப் படகு ஓடவில்லை, அவ்வளவுதான்.

நாலு நாள் கழித்து மென்பொருள் சொன்னது:
அசைவு வரம்பு மீறியது. நீக்கவும்.
வரம்பை எழுதியவள் நான். மூன்று மில்லிமீட்டர்.
தலை அசைந்தால் இல்லாத பாதை முளைக்கும்,
இருக்கிற பாதை அறுந்தது போலத் தெரியும்.
விதியில் தப்பில்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.
அதிகம் நடுங்குகிறவர்களை
நடுங்கியதற்காக வெளியே அனுப்பிவிட்டு
மிச்சமுள்ள நாற்பத்தொரு தலைகளின் சராசரிக்கு
நோயின் வரைபடம் என்று
பெயர் வைத்திருக்கிறேன்.
கட்டுரையில் ஹெல்துருக்குக் கிடைத்த இடம்
அடைப்புக்குறிக்குள் ஓர் எண்:
நீக்கப்பட்டோர், ஒருவர்.

மார்ச்சில் தீவுக்குப் போனேன்,
நேரில் சொல்லிவிடலாம் என்று.
கடல் முழுக்கத் தண்ணீர். கப்பலில் காபி ஆறிப்போயிருந்தது.

கதவைத் திறந்தது விர்வே, அவர் மனைவி.
நடையில் குறுக்கே குறுக்கே
ஜூனிப்பர் கிளைகள்,
விரல் தடிமன்கூட இல்லாதவை,
ஓரடிக்கு ஒன்றாக நாடாவால் ஒட்டியிருந்தன.
தரையில் வெள்ளைக் கோடு போடச் சொன்னாராம் மருத்துவர்.
"கோடு என்றால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம் இவருக்கு."

சமையலறையிலிருந்து வருகிறார்.
நிலையருகே உறைகிறார்.
நான் எண்ணுகிறேன், பழக்க தோஷம்: ஆறு நொடி, ஏழு.
கண்ணைத் தாழ்த்தி
முதல் கிளையைப் பார்க்கிறார்.
தாண்டுகிறார்.
அடுத்தது. அதற்கடுத்தது.
அறுந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு
கண் வழியாக எதுவோ கிளம்பிப் போய்க்
காலைச் சேர்ந்துவிடுகிறது.
சிவப்பா, பச்சையா, நீலமா,
நாற்பத்தொரு தலைகளில் நான் பார்த்ததில்லை.

மன்னிப்பு மாதிரி ஒரு வாக்கியத்தை
கப்பலிலேயே தயார்செய்திருந்தேன்.
வாயைத் திறப்பதற்குள்
அவர் என் காலணியைக் காட்டினார்.
கிளையொன்றை மிதித்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர்" என்றார்,
"சாலை நடுவில் நிற்கிறீர்கள்."