பிறக்காதவன்

ஏப்ரல் ஆட்டம். எரீ ஏரியிலிருந்து
ஊசியாய் இறங்குகிறது காற்று.
பக்கத்து இருக்கை ஸ்பிக்னியெவ்
கையுறையோடே கடலை உடைக்கிறார்,
பாதி தரைக்கு.

மூன்றாம் தளத்தில் அன்செல்மோ கிரோகா.
வயது முப்பத்தேழு.
இடது முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று.
நேற்று அவனைப் பற்றி எழுதியிருந்தார்கள்:
பதிலி ஆட்டக்காரனைவிட
அரை வெற்றி குறைவாம்.

யார் அந்தப் பதிலி?
விசாரித்தேன். அப்படி ஓர் ஆளே கிடையாது.
பெயரில்லை, முதுகில் எண்ணில்லை,
மட்டை முறிந்து கை மரத்ததில்லை,
விடிய விடியப் பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கியதில்லை.
கணக்கு பெற்றெடுத்த பிள்ளை.
பிறக்காத அவனோடு ஓடித்
தோற்றுக்கொண்டிருக்கிறான் எங்கள் ஆள்.

எட்டாவது இன்னிங்ஸில்
தரையை உரசிக்கொண்டு ஒரு பந்து.
பாய்ந்து விழுந்து, மண்டியிட்டபடியே எறிந்தான்.
அவுட்!
ஸ்பிக்னியெவின் கடலைப் பை கவிழ்ந்தது.
இதற்கு எத்தனை புள்ளி என்று
நான் யாரையும் கேட்கப்போவதில்லை.
சொல்லிவிடுவார்கள், அதுதான் பயம்.

எங்கள் பஸ் டிப்போவிலும் இப்போது
ஒரு திரை தொங்குகிறது.
நிறுத்தத்துக்கு எத்தனை நொடி, ஓட்டுநர் வாரியாக.
சக்கர நாற்காலிக்குப் பலகை இறக்கினால்
என் பெயருக்கு நேரே சிவப்பு.

ஒன்பதாவதில், இரண்டு பேர் தளத்தில் காத்து நிற்க,
அன்செல்மோ மட்டையோடு வந்தான்.
மூன்று வீச்சு. மூன்றும் காற்றுக்கு.

"வீட்டுக்குப் போய்யா, கிழட்டு மாடே!"
தொண்டை கிழியக் கத்தினேன்.
எனக்கு அந்த உரிமை உண்டு.
கால்விரல்கள் விறைத்து
ஒரு மணி நேரம் ஆகிறது.