படம், விவரம் இல்லை

பத்துக் கணினியில் ஆறுதான் உயிரோடிருக்கின்றன.
மற்ற நான்கின் வாயிலும் கடற்காற்று
துருவை ஊட்டிவிட்டுப் போய்விட்டது.
கணக்கு டீச்சர் எனக்கு இந்த அறைச் சாவி ஏன் வந்ததென்றால்
வேறு யாரும் கை நீட்டவில்லை.

செவ்வாய், ஐந்தாம் பீரியட்.
இணையப் பாதுகாப்பு என்று கரும்பலகையில் எழுதினேன்.
கடவுச்சொல்லில் அப்பாவின் படகு எண் வேண்டாம் என்றேன்.
எட்டுப் பேர் தலைகுனிந்தார்கள்.
காற்று மாறினால் நம் போன்
இலங்கைக்கு நல்வரவு என்கிறதே,
நாம் எங்கே நிற்கிறோம் என்று
நம்மைக் கேட்காமலே யாரோ குறித்துக்கொள்கிறார்கள் என்றேன்.
பாம்பன் பாலத்தில் ரயில் போயிற்று.
மேசைகளுக்கு அடியில் ஒரு சிரிப்பு
நெத்திலிக் கூட்டம்போல்
திரும்பித் திரும்பி ஓடிற்று.

இன்னாசிதான் கேட்டான்.
பார்வையில்லாத அவனுக்கு ஒரு மென்பொருள்
காதில் தமிழ் வாசிக்கும்,
கொஞ்சம் அவசரமாக, யாருடைய ஊரும் இல்லாத தமிழ்.
"டீச்சர், நேத்து ராத்திரி வீட்டுப்பாடக் குழுவுல ஒண்ணு வந்துச்சு.
கீழ முப்பத்தோரு சிரிப்பு.
எனக்கு மட்டும்
படம், விவரம் இல்லை
படம், விவரம் இல்லைன்னே சொல்லுது.
என்னதான் இருக்கு அதுல?"

எனக்குத் தெரியும் அந்தப் படம்.
பத்தே காலுக்குப் பார்த்தேன்.
மடியில் விடைத்தாள் கட்டு.
விரலால் மேலே தள்ளிவிட்டேன்.
குழுவுக்கு நிர்வாகி நான்தான்;
இரண்டு மாதமாய் வாய் திறக்காததில்
இருப்பதையே மறந்திருப்பார்கள்.

பாடத்தில் அடுத்த வரி, பாருங்கள்,
படத்துக்கு விவரம் எழுதுதல்.
"சீனி இபுராகிம், அவனுக்குச் சொல்லு."
ஏன் அவனை எழுப்பினேன் என்று அவனுக்குத் தெரியும்.

"ஒரு... பொம்பளப்புள்ள."
அப்புறம்?
"கடலுக்குள்ள நிக்குது. இடுப்பளவு."
அப்புறம்?
"தலையில துண்டு. நெத்தியில முக்குளிக்கிற கண்ணாடி.
விரல்ல துணி சுத்தியிருக்கு. பக்கத்துல சாக்கு."
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை டக்கென்றது.
"கீழ மீன்வாலு.
அது... ஒட்டுனது."

இன்னாசி காத்திருந்தான்.
பிறகு, கைதவறி விழுந்த பேனாவைத் தேடுகிறவன்போல்,
குத்தல் எதுவும் இல்லாமல்,
"சரி, சிரிப்பு எங்க இருக்கு?" என்றான்.

மூன்றாம் வரிசையில் நம்பீஸ்வரி எழுந்தாள்.
அழுவாள் என்று நினைத்தேன்.
"இடுப்பளவு இல்ல, கழுத்தளவு.
பாறை மேல நின்னதால அப்பிடித் தெரியுது.
சாக்கு இல்ல, வலைப்பை.
உள்ள மரிக்கொழுந்துப் பாசி.
சனிக்கிழமை, காலையில ஏழு மணி இருக்கும்.
படகுல போனவுக யாருன்னு தெரியல,
வெயிலு கண்ணுல அடிச்சுச்சு.
எடுக்கவான்னு எங்கிட்ட யாரும் கேக்கல.
அதையும் எழுதிக்கங்க டீச்சர்."

எழுதினேன்.
சாக்பீஸ் இரண்டு தரம் ஒடிந்தது.
இன்னாசி ஒவ்வொரு சொல்லாய்த் தட்டிக்கொண்டான்.
'கழுத்தளவு' மட்டும் ஒருமுறை திருப்பிக் கேட்டான்.

பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாத போன்கள்
பதினொன்று மேசைமேல் வந்தன.
இபுராகிம் தன்னுடையதை எடுத்து ஏதோ அழுத்தினான்.
இன்னாசியின் காதில் அது வந்து சேர்ந்தது.
உரக்கச் சொன்னான்:
"இந்தச் செய்தி அழிக்கப்பட்டது."

"வாலு போச்சு" என்றாள் நம்பீஸ்வரி.
"படகுக்காரவுக கிட்ட இருக்கே, அது?"

சைபர் புகாருக்கு எண் இருக்கிறது; சொன்னேன்.
அம்மாவோடு வா, நானும் வருகிறேன் என்றேன்.
தலையாட்டினாள்; சம்மதமா, சரி போதும் என்றா,
கண்டுபிடிக்க முடியவில்லை.

மணி அடித்து எல்லோரும் போனபின்
இபுராகிம் வாசலில் ஒரு நொடி நின்றான்.
அனுப்பியவனுக்குத் தெரியும்
யார் யார் பார்த்தார்கள் என்று.
பத்தே கால் மணிக்கு நேராக
என் பெயரும் அவன் போனில் இருந்திருக்கும்.
அவன் எதுவும் சொல்லவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பாடக் குறிப்பேட்டில்
'இன்று நடத்தியது' என்ற கட்டத்தில்
கடவுச்சொல் என்று எழுதினேன்.
கட்டம் சின்னது.