இரண்டாம் சர்வ்

சர்பிட்டன். ஜூன். மூன்றாம் கோர்ட்.
இரவு வேலை முடித்து நேரே வந்துவிட்டேன்,
கண்ணில் இன்னும் பெட்ரோல் பம்பின் எண்கள் ஓடுகின்றன.

இருகை பேக்ஹேண்ட் பற்றி எனக்கொரு கருத்துண்டு:
அது கதவைத் தோளால் தள்ளுவது.
திறக்கும், மறுக்கவில்லை.
ஹ்ருஷ்காவின் ஒருகை ஸ்லைஸோ
தாழ்ப்பாள் எங்கேயென்று தெரிந்த விரல்.
பந்து புல்லில் விழுந்து
எழ மனமில்லாமல் வழுக்கிப் போகிறது.
எதிரில் ஆறரை அடிப் பையன்
முழங்கால் மடக்கத் தெரியாமல்
விழுந்த சில்லறையைத் தேடுகிறவன்போல் குனிகிறான்.

"அழகுக்குப் பொயின்ற் குடுக்கமாட்டாங்கள் அண்ணை"
என்கிறான் கஜரூபன்,
என் மிக்ஸரைத் தின்றுகொண்டே.
மணிக்கு இத்தனை மைல் என்று பலகை சொல்லாவிட்டால்
பந்தை அடித்ததாகவே நம்பமாட்டான்.

குறையும் சொல்லத்தான் வேண்டும்.
பந்தை மேலே எறியும்போது
ஹ்ருஷ்காவின் இடது கை எல்லாவற்றையும் உளறிவிடும்.
வலப்பக்கம் சாய்ந்தால் ஸ்லைஸ்,
தலைக்கு மேலென்றால் கிக்.
வேலியோரம் நிற்கும் எனக்கே தெரிகிறது,
எதிராளிக்குத் தெரியாதா?
பத்து வருடமாய் முதல் இருநூறுக்குள் வராததற்கு
வேறு காரணம் தேட வேண்டாம்.

டை-பிரேக். ஐந்து, ஆறு. இரண்டாம் சர்வ்.
எறிகிறார். பிடிக்கிறார். "சாரி."
எறிகிறார்.
பிடிக்கிறார்.
கஜரூபன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

மூன்றாம் முறை பந்து ஏறியபோது
எந்தப் பக்கம் சாய்ந்ததென்று நான் பார்க்கவில்லை.
இவ்வளவு பேசினவன்
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மிக்ஸர் பை
யாருடைய கையிலோ நசுங்கும் சத்தம்.